ஐந்து பேர், நாளைக்கு 250 லிட்டர்: எப்படிச் சமாளிப்பது?

சென்னையில் ஓஎம்ஆர் சாலைப் பக்கம் 16 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு, போர் (ஆழ்துளைக் கிணறு) வற்றிவிட்டது, மூன்று நாளைக்கு ஒரு 12,000 லிட்டர் லாரிதான் வருகிறது, அதனால் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 250 லிட்டர் என்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவு செய்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மாமியார், நீங்கள் இருவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். இதை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவது என்பது கேள்வி.

தள்ளலாம். தலைக்கு 50 லிட்டர் வருகிறது. 2018 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம், அணைகள் வற்றிக்கொண்டிருந்தபோது, ஆளுக்கு நாளொன்றுக்கு என்று விதித்த அளவும் இதேதான். மாதக்கணக்கில் அந்த அளவிலேயே ஓட்டினார்கள். சௌகரியமாக இருக்காது, ஆனால் நாற்றத்தோடும் அழுக்கோடும் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் சொல்வது பல் தேய்க்கும்போது குழாயை மூடு, கார் கழுவாதே என்பதுதான். சரிதான், ஆனால் 250 லிட்டரில் நிற்கும் வீட்டில் யாரும் கார் கழுவப் போவதில்லை. எங்கே அதிகம் போகிறதோ அங்கே கை வைக்க வேண்டும். நகரத்து வீடுகளுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்று நம் நாட்டில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதில் 45 லிட்டர் கழிப்பறைக்கு மட்டும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. உங்கள் வீட்டில் இருப்பது பழைய பத்து லிட்டர் ஃப்ளஷ் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து முறை அழுத்தினால் 250 லிட்டர். குடிக்க, குளிக்க, சமைக்க ஒரு சொட்டு மிஞ்சாது.

அதனால் முதல் வேலை, ஃப்ளஷ் தொட்டிக்குத் தண்ணீர் போகும் சுவர்க் குழாயில் உள்ள சின்ன வால்வை (ஆங்கிள் வால்வு) மூடிவிடுவது. பக்கத்தில் ஒரு வாளியும் பெரிய மக்கும் வைத்துவிடுங்கள். சிறுநீருக்கு ஒன்றிரண்டு மக் போதும். மலம் போக நாலைந்து லிட்டரை அரை வாளியில் எடுத்து, மக்கால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றாமல், ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். மொத்தமாக விழும் வேகத்தில்தான் எல்லாம் போகும். மாமியாருக்கு வாளி தூக்க முடியாது என்றால் அவர் பயன்படுத்தும் கழிப்பறையில் மட்டும் ஃப்ளஷ் இருக்கட்டும், தொட்டிக்குள் தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலைப் போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம். சிலர் செங்கல் போடச் சொல்வார்கள், வேண்டாம், அது கரைந்து வால்வில் போய் அடைத்துக்கொள்ளும். அந்தத் தொட்டி கசிகிறதா என்று பார்க்க, கேசரி பவுடர் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு அரைமணி நேரம் அழுத்தாமல் விட்டுப் பாருங்கள். கீழே நிறம் தெரிந்தால் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் நாள் முழுக்க ஒழுகும் தண்ணீர் அது.

இனி 250 லிட்டரைப் பிரித்துப் பார்க்கலாம். குடிக்க ஆளுக்கு மூன்று லிட்டர், சமையலுக்குப் பத்து, ஆக 25. பாத்திரத்துக்கு 30. குளிக்க ஆளுக்கு 15 லிட்டர், அதாவது ஒரு பெரிய வாளி நிறையாத அளவு, மொத்தம் 75. துணி ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு தடவைக்கு 60 லிட்டர் என்றால் நாளைக்கு 30. கை, முகம் கழுவ 20. கழிப்பறைக்கு நல்ல தண்ணீர் 60, மீதியைத் துணி அலசிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் பார்த்துக்கொள்ளும். கூட்டினால் 240. பத்து லிட்டர் கையிருப்பு. குடிநீருக்கு கேன் வாங்குகிறீர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் மூச்சு விடலாம்.

இந்தக் கணக்கு தாளோடு நின்றுவிடாமல் இருக்க வேண்டுமானால் வீட்டில் ஒரே ஒரு விதி போதும்: யாரும் குழாய்க்குக் கீழே எந்த வேலையும் செய்யக் கூடாது. குழாய் வாளியை நிரப்புவதற்கு மட்டும். குழாயிலிருந்து நேராக எடுத்தால் எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது, வாளியில் பிடித்தால் பத்து வயதுப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். ஷவரின் குமிழைக் கழற்றி வைத்துவிடுங்கள். வாஷ்பேசினுக்குக் கீழேயுள்ள வால்வை மூடிவிட்டு மேலே ஒரு சின்னக் குடமும் டம்ளரும் வையுங்கள். குழாயைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றால் ஏரேட்டர் மாட்டுங்கள், காற்றைக் கலந்து விடுவதால் பாதித் தண்ணீரிலேயே கை கழுவிவிடலாம். 2024 கோடையில் பெங்களூரில் ஹோட்டல்களும் பெரிய குடியிருப்புகளும் இதை மாட்டியே தீர வேண்டும் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், மலிவுதான்.

காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று விட ஆரம்பித்தவுடன் இன்னொரு கூத்து நடக்கும். பயத்தில் வீட்டில் உள்ள பாத்திரம் பண்டம் எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். மறுநாள் காலை புதுத் தண்ணீர் வந்ததும் 'நேத்து தண்ணி' என்று அதைக் கொட்டிவிட்டு மறுபடி பிடிப்பார்கள். மூடி வைத்த தண்ணீர் ஒரே ராத்திரியில் கெட்டுப்போகாது. குடிக்க வைக்க மனம் வரவில்லை என்றால் துணிக்கும் கழிப்பறைக்கும் ஊற்றுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். அப்புறம், தண்ணீர் வராத நேரத்தில் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டு ஆபீஸ் கிளம்புவது. மாலையில் தண்ணீர் விடும்போது பூட்டிய வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். கிளம்பும் முன் எல்லாக் குழாயும் மூடியிருக்கிறதா என்று பார்ப்பதைப் பிள்ளைகள் பொறுப்பில் விடுங்கள், பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

குளிப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரண்டு மக் ஊற்றி நனைத்து, சோப்புப் போட்டு, மீதியில் அலசிக்கொள்ள வேண்டியதுதான். எண்ணெய்க் குளியலும் நீளமான கூந்தலும்தான் சிக்கல். தலைக்குக் குளிக்கும் நாளை வீட்டில் ஆளுக்கு ஒரு நாளாகப் பிரித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் சேர்ந்து தலைக்குக் குளித்தால் கணக்கு கவிழ்ந்துவிடும். பெரிய பிளாஸ்டிக் டப்புக்குள் நின்று குளித்தால் பாதித் தண்ணீராவது கழிப்பறைக்குத் தேறும். வழுக்கும் என்பதால் மாமியாரை மட்டும் இதில் இழுக்க வேண்டாம்.

துணி விஷயத்தில் மெஷின் என்றாலே தண்ணீர் குடிக்கும் என்று நினைக்க வேண்டாம், எந்த மெஷின் என்பதைப் பொறுத்தது. முன்பக்கக் கதவு உள்ளது நிறையத் துணி போட்டால் சுமார் 50, 60 லிட்டரில் முடித்துவிடும். மேலே திறக்கும் ஆட்டோமேட்டிக் மெஷின் ஒரு தடவைக்கு 100 லிட்டரைச் சாதாரணமாகத் தாண்டும், இந்தச் சமயத்தில் அதை உலர்த்துவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு கையால் துவைப்பதே மேல். பவுடரைப் பாதியாகக் குறையுங்கள். நுரையைப் போக்கத்தான் அலசலுக்கு மேல் அலசல் ஆகிறது. லாரியில் வருவது உப்புத் தண்ணீராக இருந்தால் நுரையே வராது, அதற்காக மேலும் மேலும் பவுடர் கொட்டுவது வீண். கடைசி அலசல் தண்ணீரைக் கொட்டாமல் வைத்திருந்து அடுத்த துணியை ஊற வைக்கலாம், முதல் அலசல் தண்ணீர் வீடு துடைக்க, அப்புறம் கழிப்பறைக்கு. ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், வாடை வந்துவிடும்.

பாத்திரம் தேய்க்க இரண்டு அகல பேசின் வைத்துக்கொள்ளுங்கள். எச்சிலையும் பருக்கையையும் முதலில் பழைய காகிதத்தால் வழித்துவிட்டு, தேய்த்ததை முதல் பேசினில் முக்கி, இரண்டாவதில் அலசி எடுக்க வேண்டும். முதல் பேசின் அழுக்கானதும் கொட்டிவிட்டு இரண்டாவதை அதன் இடத்துக்கு நகர்த்தி, புதிதாக ஒன்றை நிரப்புங்கள். பால், தயிர், மாவுப் பாத்திரங்களைக் காயவிட்டுவிட்டால் இரண்டு மடங்கு தண்ணீர் பிடிக்கும், ஒழித்த கையோடு ஒரு டம்ளர் ஊற்றி ஊற வைத்துவிடுங்கள். அரிசி களைந்ததும் காய் கழுவியதும் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும். விருந்தாளி வந்தால் வாழை இலை. உங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அம்மாவுக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அவர் வீட்டில் லாரியின் பின்னால் நின்று குடம் கணக்கில் பிடித்துத்தான் குடும்பம் நடக்கிறது. குழாயை அவர் திறந்துவிட்டுத் தேய்ப்பதே நாம் அப்படிப் பழக்கியதால்தான்.

குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ மெஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும் மெஷின்கள்தான் பெரும்பாலும் வீடுகளில் இருக்கின்றன. அந்தக் கழிவுக் குழாய் சிங்கில் போய் விழுகிறது என்றால் குடிக்கவும் சமைக்கவும் ஆகும் 25 லிட்டருக்காக 50, 75 லிட்டர் சாக்கடைக்குப் போகும், நீங்கள் குளிக்கும் மொத்தத் தண்ணீருக்குச் சமம். குழாயை ஒரு வாளிக்குத் திருப்புங்கள். உப்பு அதிகம் என்பதால் செடிக்கு வேண்டாம், தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் நன்றாகவே ஆகும். அதைப் பிடித்து வைக்கப் பொறுமை இல்லை என்றால் நிலைமை சீராகும்வரை மெஷினை நிறுத்திவிட்டு, ஐஎஸ்ஐ முத்திரையும் உடையாத சீலும் உள்ள கேன் வாங்குவது நல்லது. ஏசி ஓடும் வீடாக இருந்தால் வெளியே சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். சென்னைப் புழுக்கத்துக்கு ஒரு ராத்திரிக்கு அரை வாளியாவது தேறும், உப்பே இருக்காது. குடிக்க மட்டும் கூடாது. துணி அலசிய தண்ணீரில் வாசல் தெளிக்க மாமியார் சம்மதிக்க மாட்டார், இதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார்.

சேமித்து வைக்கிற தண்ணீரில்தான் அடுத்த தொந்தரவு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டை இடாது, நாம் பிடித்து வைத்த நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைக் காலி செய்தால் மட்டும் போதாது. வாரத்துக்கு ஒரு நாள் ட்ரம்மின் உள்பக்கத்தை, முக்கியமாகத் தண்ணீர்க் கோடு படும் இடத்தை, நார் போட்டுத் தேய்க்க வேண்டும். மூடி சரியாகப் பொருந்தாத ட்ரம்முக்கு வேட்டித் துணியைப் போட்டுக் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். இன்னொன்று, 200 லிட்டர் ட்ரம் நிறைந்தால் 200 கிலோ. தூண் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் மூன்று நான்கு ட்ரம்மை வரிசையாக வைக்காதீர்கள்.

லாரித் தண்ணீர் பெரும்பாலும் நகரத்தைச் சுற்றியுள்ள கிராமத்துக் கிணறுகளிலிருந்து வருவது, ஒவ்வொரு நடைக்கும் ஒவ்வொரு கிணறாக இருக்கும். சம்ப்பில், அதாவது தரைக்கடியில் உள்ள தொட்டியில், இறக்கியவுடன் 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லுங்கள், 12,000 லிட்டருக்கு ஏறக்குறைய 50 கிராம். அப்படியே தூவக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலும் தண்ணீர் சேர்த்துக் கலக்கிவிட்டு, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் சம்ப்பில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் மோட்டார் போட வேண்டும். பிரித்து நாளான பவுடருக்கு வீரியம் போயிருக்கும், சின்னப் பாக்கெட்டாகவே வாங்குங்கள். குடிப்பதற்கு இதற்கு மேலும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். தெருக் குழாயில் மெட்ரோ தண்ணீர் (சென்னைக் குடிநீர் வாரியம் விடும் தண்ணீர்) வரும் வீடுகளில் சிலர் லைனிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுவார்கள். அது சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம், குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் சுற்றியுள்ள சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சும்.

இதுவரை சொன்னது வீட்டுக்குள் நடப்பது. 16 வீட்டுக்கும் சேர்த்துப் போகும் தண்ணீரை யார் அளக்கிறார்கள்? சென்னையின் பழைய குடியிருப்புகளில் ஒவ்வொரு குளியலறைக்கும் மொட்டை மாடியிலிருந்து தனித்தனிக் குழாய் இறங்குவதால் வீட்டுக்கு ஒரு மீட்டர் என்று வைப்பது கஷ்டம். ஆனால் சம்ப்பை அளக்க ஒரு நீளமான கழி போதும். எங்கள் குடியிருப்பில் 2019இல் இப்படித்தான் செய்தோம். சம்ப்பின் நீள அகலத்தை அடிக்கணக்கில் பெருக்குங்கள். 10 அடிக்கு 8 அடி என்றால் 80 சதுர அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், எனவே ஓர் அடி ஆழத்துக்கு 2,264 லிட்டர், ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 190 லிட்டர். கழியில் அங்குலம் குறித்து, சாக்பீஸ் தேய்த்து இறக்கினால் நனைந்த இடம் பளிச்சென்று தெரியும்.

இதை வைத்து மூன்று காரியம் ஆகும். முதலாவது, லாரிக்காரர் 12,000 லிட்டர் என்று சொல்லும்போது இந்தச் சம்ப்பில் ஐந்தேகால் அடிக்குச் சற்று மேல் ஏற வேண்டும். இறக்குவதற்கு முன்னும் பின்னும் அவர் எதிரிலேயே கழியை விட்டுப் பாருங்கள். சண்டை எதுவும் வேண்டாம், அளக்கிறார்கள் என்று தெரிந்தாலே அடுத்த லாரி நிறைந்து வரும். இரண்டாவது, 16 வீட்டுக்கு 250 லிட்டர் என்றால் நாளைக்கு 4,000. மோட்டார் போடுபவர் 21 அங்குலம் இறங்கியதும் நிறுத்திவிட வேண்டியதுதான், மேல்தொட்டி நிரம்பி வழிகிற பேச்சே இல்லை. மூன்றாவது, இரவு 11 மணிக்கு மோட்டார் நின்றபின் அளந்துவிட்டு, அதிகாலை 5 மணிக்கு மோட்டார் போடும் முன் மறுபடி அளக்க வேண்டும். ஓர் அங்குலம் குறைந்திருந்தால் ஒரு வீட்டின் ரேஷனில் முக்கால் பங்கு மண்ணுக்குள் போயிருக்கிறது. அதே மாதிரி மேல்தொட்டியையும் ஓர் இரவு பாருங்கள். கசிவைக் கண்டுபிடிக்காமல் வீட்டு வீட்டுக்கு அறிவுரை சொல்லும் சங்கங்கள்தான் அதிகம்.

வீட்டுக்கு 250 என்று பிரித்ததிலும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஒரே அளவு என்றால் பத்து நாளில் படிக்கட்டில் சண்டை வரும். அதே 4,000 லிட்டரை முதலில் வீட்டுக்கு 75 என்று பொதுவாகக் கொடுத்துவிட்டு, மீதி 2,800 லிட்டரைத் தலைக்கணக்கில் பிரித்தால் நியாயமாக இருக்கும். கூட்டத்தில் நீங்களே எடுத்துச் சொல்லிப் பாருங்கள், ஐந்து பேர் இருக்கும் வீடு என்பதால் சுயநலம் என்பார்கள், பரவாயில்லை.

குறைக்கவே கூடாதவை சில உண்டு. கழிப்பறைக்குப் போய்வந்தபின்னும் சமைக்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது முதலாவது. தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் வயிற்றுப்போக்கு அதிகம் வருவதற்கு இதைக் குறைப்பதும் ஒரு காரணம், வந்துவிட்டால் 50 லிட்டர் கணக்கெல்லாம் செல்லாது. அடுத்தது குடிப்பது. கழிப்பறைக்கு வாளி தூக்க வேண்டுமே என்று பெண்களும் வயதானவர்களும் சொல்லாமல் கொள்ளாமல் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். சித்திரை வெயிலில் அது நீர்க்கடுப்பில் தொடங்கிச் சிறுநீரகக் கல்வரை கொண்டு விடும். மாமியார் பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டில் வைத்து, சாயங்காலத்துக்குள் இரண்டு தடவை காலியாகிறதா என்று பாருங்கள். மாதவிலக்கு நாட்களில் வீட்டுப் பெண்களுக்குக் கூடுதலாக ஒரு வாளி, கேள்வியே கேட்கக் கூடாது.

போரை இன்னும் ஆழமாக இறக்கலாம் என்று யாராவது கிளம்புவார்கள். 1987 சட்டப்படி சென்னைப் பெருநகர்ப் பகுதியில் கிணறு, போர் போட அனுமதி வாங்க வேண்டும் என்பதை விடுங்கள், கடலோரத்தில் ஆழம் போகப் போக உப்பு நீர் ஏறும் அபாயம்தான் பெரிது. ஒரு தடவை ஏறினால் இறங்க ஆண்டுகள் ஆகும். மேலிருந்து பெரிய உதவி வரும் என்றும் காத்திருக்க வேண்டாம். 2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் சேர்ந்தே கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட இல்லாமல் கிடந்தபோது, ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். ஊரே திரண்டு பார்த்தது. ஆனால் வெட்டிக் குறைத்த நிலையிலும் நகரத்துக்கு அன்றாடம் விட்டுக்கொண்டிருந்தது சுமார் 52 கோடி லிட்டர், ரயிலில் வந்தது அதில் அரை சதவீதம்கூட இல்லை.

உங்கள் மொட்டை மாடியில் விழும் மழையைப் பிடிக்க ஏற்பாடு செய்ய இதுதான் நேரம். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், உங்கள் குடியிருப்பிலும் மழைநீரை மண்ணுக்குள் இறக்க ஒரு குழி இருக்கும், மண் மூடிப் போயிருக்கும். 4,000 சதுர அடி மாடி என்றால் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 3,700 லிட்டர் விழுகிறது, சிந்தியது சிதறியது போக 3,000 லிட்டர் கைக்கு வரும், பதினாறு வீட்டுக்கும் முக்கால் நாள் ரேஷன். மாடியிலிருந்து வரும் குழாயில் இரண்டாகப் பிரிக்கும் ஒரு 'டி' இணைப்பைப் போட்டு, ஒரு வால்வு சம்ப்புக்கு, இன்னொன்று குழிக்கு என்று பிரித்து, நடுவில் வடிகட்ட ஒரு சின்னத் தொட்டியில் மணலும் ஜல்லியும் போடச் சொல்லுங்கள். கோடை மழை திடீரென்றுதான் வரும், முதல் பத்து நிமிடத் தண்ணீரைக் குழிக்கு விட்டுவிட்டு அப்புறம் சம்ப்புக்குத் திருப்புங்கள், மாடித் தூசியும் புறா எச்சமும் சம்ப்பில் இறங்காது. குழியின் பழைய மணலை அள்ளிப் போட்டுப் புதிது போட இரண்டு ஆட்களுக்கு ஒரு நாள் வேலை. செப்டம்பர் வந்துவிட்டால் ஊரில் எல்லோரும் இதற்கே ஆள் தேடுவார்கள், கொத்தனாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.